தொட்டியில் பைப் இறக்க ரப்பர் சீல்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

கேள்வி இது. ஆயிரம் லிட்டர் வட்டப் பிளாஸ்டிக் தொட்டி. அடிப்பக்கத்திலிருந்து இரண்டு இன்ச் பிவிசி பைப் ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். தொட்டியின் வாய் சிறியது, உள்ளே கை எட்டாது. நட்டே இல்லாமல் வெறும் ரப்பர் சீலில் பைப்பைச் செருகிவிடலாம் என்கிறார் ஒருவர். ஒழுகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எந்த ரப்பர் வாங்குவது? ஓட்டை எவ்வளவு பெரிதாகப் போடுவது?

இரண்டு பேருமே அனுபவத்திலிருந்துதான் சொல்கிறார்கள். ஓட்டை சரியான அளவில், வட்டமாக, பிசிறில்லாமல் இருந்து, பைப்பின் வெளிவிட்டம் சீலுக்குப் பொருந்தினால், நட்டில்லாத ரப்பர் சீல் வருடக்கணக்கில் ஒரு சொட்டு கசியாமல் நிற்கும். இதில் ஒன்று தவறினாலும் முதல் நாளே ஒழுகும். அப்புறம் மேலே என்ன பூசினாலும் நிற்காது. உள்ளே கை எட்டாத உங்கள் தொட்டிக்கு நான் அதைத்தான் போடுவேன். ஆனால் வாங்கக் கிளம்புவதற்கு முன் அந்த ரப்பர் எப்படித் தண்ணீரை நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை அது தெரியாமல் செய்த வேலையால் வந்தவை.

ரப்பர் எதிலும் ஒட்டிக்கொள்வதில்லை. நசுக்கி வைத்த ரப்பர் தன் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்ப இடமில்லாததால் இருபக்கமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முட்டல் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை கசிவு கிடையாது. இன்னொன்று, ரப்பர் பஞ்சு மாதிரி உள்ளுக்குள் அமுங்காது. அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும், அவ்வளவுதான். பிதுங்க இடம் கொடுக்காமல் நெருக்கினால் மடிந்து கிழியும். தளர்வாக விட்டால் நசுங்கவே நசுங்காது. சீல் தயாரிப்பவர் ஓட்டைக்கு ஓர் அளவு சொல்கிறார் என்றால், இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற புள்ளியைத்தான் சொல்கிறார்.

தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது சுமார் 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). ஓர் ஆள் உயரத் தொட்டி நிறைந்திருந்தாலும் அடியில் 0.2 பாரைத் தாண்டாது. மூடிய வால்வுடன் நிற்கும் 60 மி.மீ. பைப்பை, ஒரு மீட்டர் தண்ணீர் வெளியே தள்ளும் விசை மூன்று கிலோ எடைக்கும் கொஞ்சம் குறைவு. இது ரப்பருக்கு ஒன்றுமே இல்லை. அதே பைப் ஒரு மீட்டர் நீளம் அந்தரத்தில் நின்றால், உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். பைப்பின் எடை, முனையில் தொங்கும் வால்வின் எடை எல்லாம் சேர்ந்து நெம்புகோல் மாதிரி அந்த ரப்பர் வளையத்தை ஒரு பக்கமாக நெம்புகின்றன. மேல்பக்கம் ரப்பர் விலகும், கீழ்ப்பக்கம் நசுங்கும், விலகிய பக்கம் ஒழுகும். சீல் தோற்பது தண்ணீரிடம் இல்லை, பைப்பின் பாரத்திடம்.

சரி, சீல் எப்படி இருக்கும்? கெட்டியான ரப்பர் வளையம், ஒரு பக்கம் அகலமான உதடு, நடுவில் ஒரு பள்ளம், மறுபக்கம் குறுகலான உதடு. அந்தப் பள்ளத்தில் தொட்டியின் சுவர் உட்காரும். நடுத்துளையின் விட்டம் பைப்பைவிடச் சிறியது. பைப்பை உள்ளே திணிக்கும்போது வளையம் விரிந்து, சுவருக்கும் பைப்புக்கும் நடுவே இறுகிப்போகும். பசை இல்லை, மரை இல்லை, நட்டு இல்லை. யூனிசீல் என்பது இந்த வகையில் பலருக்கும் தெரிந்த வணிகப் பெயர். வளைந்த சுவரிலும் இது உட்காருவது பெரிய வசதி. தட்டை வாஷர் வட்டத் தொட்டியில் திணறும் இடத்தில், இது சுவரோடு சேர்ந்து வளைந்துகொடுக்கும்.

இப்போது முக்கியமான விஷயம், பைப்பின் அளவு. “இரண்டு இன்ச்” என்பது பைப்பின் பெயர்தான், அளவு இல்லை. இரண்டு இன்ச் என்றால் கணக்குப்படி 50.8 மி.மீ. ஆனால் இன்ச் முறையில் செய்யப்படும் இரண்டு இன்ச் பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. மெட்ரிக் முறையில் செய்யப்படும் பைப்பில் அதற்கு ஈடாகக் கொடுப்பது 63 மி.மீ. இரண்டையும் பேச்சில் “இரண்டு இன்ச்” என்றே சொல்வார்கள். ஒரு இன்ச்சில் இது 33.4, 32. நான்கு இன்ச்சில் 114.3, 110. வெந்நீருக்கான சிபிவிசி பைப் இன்னொரு தனிக் கணக்கு, அதில் அரை இன்ச் என்பது 15.9 மி.மீ. வெளிவிட்டம், பிவிசியில் அதே அரை இன்ச் 21.3. சீலின் உள்ளே பைப்பின் வெளிப்பக்கம்தானே உட்காருகிறது? அதனால் வெளிவிட்டம் தெரியாமல் சீல் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு தாள் துண்டு போதும். பைப்பைச் சுற்றித் தாளை இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு சந்திக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். விரித்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் வந்துவிடும். 189 முதல் 190 மி.மீ. வந்தால் 60.3 பைப், 198 வந்தால் 63 பைப். எட்டு மி.மீ. வித்தியாசம், கண்ணுக்கே நன்றாகத் தெரியும். விட்டத்தை நேராக ஸ்கேல் வைத்து அளந்தால் அந்த மூன்று மி.மீ. கண்ணை ஏமாற்றிவிடும்.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தடவை 60.3-க்கான சீலை வாங்கி வைத்துக்கொண்டு 63 பைப்பைச் செருக உட்கார்ந்தேன். பாதி போய் நின்றுவிட்டது. சோப்பு இன்னும் கொஞ்சம் போட்டால் போகும் என்று நினைத்தேன். மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டுக்கு “பொத்” என்று ஒரு சத்தம், பைப் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நல்லவேளை என்று வெளிப்பக்கம் பார்த்தால் ரப்பரின் உதட்டையே காணோம். மொத்தச் சீலும் பைப்போடு தொட்டிக்குள் போய்விட்டிருந்தது. அதை வெளியே எடுக்க, மேல்வாய் வழியே கம்பியில் கொக்கி கட்டித் துழாவியதில் ஒரு மாலை முழுக்கப் போனது. பைப்பை ஒரு நிமிடம் அளந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ஓட்டை அளவுக்கு வருவோம். இந்த நட்டில்லாத சீல்களில், பொதுவாகக் கிடைக்கும் இரண்டு இன்ச் சீலுக்கு மூன்று இன்ச் ஓட்டை, நான்கு இன்ச் சீலுக்கு ஐந்து இன்ச் ஓட்டை. சின்ன அளவுகளில் இந்த “ஒரு இன்ச் கூட்டு” கணக்கு ஒத்துவராது. ஆகவே மனக்கணக்குப் போடாமல், சீலின் மேலோ உறையின் மேலோ அச்சிட்டிருக்கும் ஓட்டை அளவைப் பாருங்கள். அச்சிடாத சீலை நான் வாங்க மாட்டேன். சுவரின் தடிமனுக்கும் ஒரு வரம்பு உண்டு. பள்ளத்தின் அகலத்தைவிடச் சுவர் மிகத் தடிமனாக இருந்தால் சீல் உட்காராது. தகடு போல மெல்லியதாக இருந்தால், பைப்பைத் திணிக்கும்போது சுவரே உள்ளே மடங்கும்.

ஓட்டையை எங்கே போடுவது? பிளாஸ்டிக் தொட்டியின் மேலிருந்து கீழ்வரை வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். அந்த மேட்டின் மேல் சீல் ஒருநாளும் உட்காராது. பைப்புக்கென்று தட்டையாக விட்ட இடம் பெரும்பாலான தொட்டிகளில் அடியில் இருக்கும், அதைத் தேடுங்கள். தரையோடு சுவர் வளைந்து சேரும் மூலையை விட்டு விலகிப் போடுங்கள், அங்கே பிளாஸ்டிக்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அதோடு கீழே நாலு விரல் அளவு தண்ணீர் எப்போதும் நிற்கும்படி விட்டால், வண்டல் பைப்புக்குள் வராது. அந்த வண்டலை வெளியேற்ற வேறொரு சின்ன வழி வைப்பது நல்லது, அது தனிக் கதை.

ஓட்டை போட ஹோல் சா கட்டாயம், ட்ரில்லில் மாட்டும் பல் வைத்த வட்ட ரம்பம் அது. இரும்புக் கம்பியைக் காய்ச்சிச் சுட்டு ஓட்டை போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. பார்க்க வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் உருகிய பிளாஸ்டிக் ஓரமெல்லாம் திரண்டு கட்டியாக உறையும், ஓட்டை வட்டமாகவும் இருக்காது. ரப்பரின் பள்ளம் அந்தக் கட்டியைச் சுற்றி இறுகாது, அந்தச் சந்து வழியாகத்தான் முதல் சொட்டு வரும். சிறிய துளைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டே போய் நடுத்துண்டை உடைத்தெடுப்பதும் அதே கதைதான்.

ஹோல் சாவை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். தொட்டியின் பிளாஸ்டிக்கான பாலித்தீன் சூடானால் உருகிப் பல்லில் அப்பிக்கொள்ளும். பல் சுவரைக் கவ்விக்கொண்டு ட்ரில்லைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அப்படிக் கவ்வினால் ட்ரில்லை எதிர்த்திசையில் சுற்றவிட்டு வெட்டிப் பாருங்கள். கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் கவ்வாது, ஓரமும் சுத்தமாக வரும். வட்டத் தொட்டியில் ட்ரில் தொட்டியின் நடுவை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். வெட்டிய பிறகு கத்தியாலோ அரைவட்ட அரத்தாலோ பிசிறை எடுத்து, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு. விரலை உள்விளிம்பில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்படுவது ரப்பருக்கும் தட்டுப்படும். சுற்றுவட்டத்தில் ஆழமாகக் கீறல் ஏதும் விழுந்திருந்தால் அதையும் தேய்த்து மழுக்கிவிடுங்கள். உள்ளே விழுந்த சுருள்தூளைக் கழுவி எடுக்காமல் விட்டால், அது நேராக வால்வில் போய் உட்காரும்.

பைப்பின் முனையைச் சரிவாகச் சீவ வேண்டும், பென்சில் சீவுவது மாதிரி அவ்வளவு கூராக இல்லை, ஆனால் விளிம்பு ரப்பரைக் கிழிக்காத அளவுக்கு. சரிவு சுமார் ஒரு செ.மீ. நீளத்துக்கு இருந்தால் செருகுவது பாதி வேலையாகிவிடும். பைப்பின் மேல் நெடுக ஓடும் மேடோ கீறலோ இருந்தால், ரப்பர் உட்காரப்போகும் இடத்தில் அதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒரு முடி அளவு கீறல்கூடத் தண்ணீருக்கு வாய்க்கால்தான்.

சீலை முதலில் ஓட்டையில் பொருத்துங்கள். அகலமான உதடு வெளிப்பக்கம், அதாவது பைப் நுழையும் பக்கம். இந்த இடத்தில் எல்லாமே உலர்ந்திருக்க வேண்டும். சுவருக்கும் சீலுக்கும் நடுவில் சோப்பு போட்டால், பைப்பைத் தள்ளும்போது சீலும் சேர்ந்து உள்ளே வழுக்கும். சோப்புத் தண்ணீர் பைப்பின் மேலும் சீலின் நடுத்துளையிலும் மட்டும். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீர் போதும். கிரீஸ், வாசலின், சமையல் எண்ணெய், என்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ஏன் என்று ரப்பர் வகைகளைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

பைப்பை நேராகப் பிடித்து, சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். ஒரு இன்ச் வரைக்கும் கைப்பலம் போதும். இரண்டு இன்ச்சுக்கு ஒரு மரக்கட்டையும் ரப்பர் சுத்தியலும் தேவைப்படும், இல்லையென்றால் தொட்டியைச் சுற்றிப் பட்டைக் கயிறு போட்டு முறுக்கி பைப்பை இழுக்கலாம். ஒரு கட்டத்தில் எதிர்ப்பு சட்டென்று குறைந்து பைப் உள்ளே நழுவும். அப்போது வெளி உதடு சுற்றிலும் ஒரே மாதிரி சுவரோடு படிந்திருக்கிறதா, எங்காவது உள்ளே சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டிருந்தால் பைப்பை உருவி மறுபடி செய்வதுதான் வழி, அதை அப்படியே விட்டுவிட்டுச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பைப் உள்பக்கம் ஓர் ஐந்து செ.மீ. நீண்டிருக்கட்டும். எல்போ, வால்வு, பசை போடும் வேலை எல்லாம் இதற்குப் பிறகு.

இதெல்லாம் கெட்டியான பைப்புக்கு மட்டும். வளையும் ஹோஸை இந்தச் சீலில் செருகினால், ரப்பர் இறுக்கும்போது ஹோஸ் உள்ளே ஒடுங்கிவிடும், இறுக்கமே கிடைக்காது. ஹோஸ்தான் வேண்டும் என்றால், சீலில் ஒரு துண்டு பிவிசி பைப்பை இறக்கி, அதன் முனையில் ஹோஸைக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.

முன்பு சொன்ன பாரத்துக்கு மறுபடியும் வருகிறேன். தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் பைப்புக்கு அடியில் ஒரு தாங்கல் கொடுங்கள், செங்கல்லோ கிளாம்ப்போ எதுவானாலும் சரி, வால்வுக்குத் தனியாக ஒன்று. தொட்டி நிறையும்போது சுவர் சற்றே வெளியே உப்பும், வெயிலில் பைப் நீளும். பிவிசி பைப் ஒரு மீட்டருக்கு 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் இரண்டு மி.மீ. நீளும், பாலித்தீன் தொட்டி அதைவிட இரண்டு மூன்று மடங்கு அசையும். பைப் நேராக ஒரு சுவருக்குள் போய்க் காரையில் இறுகியிருந்தால், இந்த அசைவு முழுவதும் சீலின் தலையில்தான் விழும். நடுவில் ஒரு எல்போ போட்டு ஒரு திருப்பம் கொடுத்தாலோ, ஒரு முழம் ஹோஸ் வைத்தாலோ அது தப்பிக்கும். மோட்டார் அருகில் இருந்தால் ஹோஸ் கட்டாயம் என்பேன், அதிர்வு ரப்பரைத் தேய்த்தே தின்றுவிடும்.

ரப்பர் வகைகளுக்கு வருகிறேன். வெறும் தண்ணீர், வெயிலில் நிற்கும் தொட்டி என்றால் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். சூரிய ஒளி, ஓசோன், மழை, ஏறக்குறைய 120 டிகிரி வரை வெப்பம் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிப்போகும், அதனால்தான் கிரீஸும் வாசலினும் வேண்டாம் என்றேன். டீசல், மண்ணெண்ணெய், எண்ணெய்த் தொட்டி என்றால் நைட்ரைல். அது எண்ணெய்க்கு அசையாது, ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் மேற்பரப்பு வெடிக்கும். ஆக, தண்ணீர்த் தொட்டிக்கு நைட்ரைலும் டீசல் தொட்டிக்கு ஈபிடிஎம்மும் போடுவது இரண்டுமே தவறு, அதிலும் இரண்டாவது ஆபத்தான தவறு. கறுப்பாக ஒரே மாதிரி இருப்பதால் கண்ணால் பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி டீசலில் இரண்டு நாள் ஊறவிட்டு, ஊறாத துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈபிடிஎம் என்றால் பருத்துத் தளர்ந்திருக்கும்.

நியோப்ரீன் இரண்டுக்கும் நடுவில், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தாங்கும். சிலிக்கோன் சூட்டுக்கு நல்லது, குழாய் வரிசை வைத்த சூரிய வெந்நீர்த் தொட்டிகளில் கண்ணாடிக் குழாய் நுழையும் இடத்தில் இருப்பது அதுதான். ஆனால் சுலபமாகக் கிழியும், கூர்முனையில் பட்டால் முடிந்தது. வீரியமான ரசாயனம், சூடான எரிபொருள் என்றால் விட்டான் வகை, விலை பல மடங்கு. குடிக்கிற தண்ணீர் என்றால் ரப்பரின் பெயர் மட்டும் போதாது, குடிநீருக்கென்று சான்று பெற்றதா என்று பாருங்கள். அமெரிக்கத் தரம் என்எஸ்எஃப் 61, பிரிட்டன் தரம் பிஎஸ் 6920. பழைய டியூபை வெட்டி வாஷர் செய்வது அவசரத்துக்குச் சரி. தண்ணீரில் ரப்பர் வாசனை வருவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், அதுவும் தோட்டத் தொட்டிக்கு மட்டும்.

நல்ல ரப்பரா, மட்டமான ரப்பரா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு சி கிளாம்ப்பில் வாஷரை அதன் தடிமனில் கால்வாசி அமுங்கும் அளவுக்கு இறுக்கி, வெயில் படும் இடத்தில் ஒரு நாள் வைத்துவிடுங்கள். அவிழ்த்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நல்லது பழையபடி எழுந்திருக்கும், மட்டமானது அமுங்கியபடியே கிடக்கும். ஆய்வுக்கூடத்திலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்: 25 சதவீதம் நசுக்கி, சூட்டில் 22 அல்லது 70 மணி நேரம் வைத்து, எவ்வளவு எழவில்லை என்று அளக்கிறார்கள். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த விபத்தின் விசாரணையில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கிளாம்ப்பில் இறுக்கிய ஓ-ரிங் (இணைப்பை அடைக்கும் வளையம்) ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து அவிழ்த்துக் காட்டியதும் இதே சோதனையின் குளிர் வடிவம்தான். குளிரில் அந்த ரப்பர் உடனே எழவில்லை.

உள்ளே கை எட்டும் தொட்டி என்றால் நட்டு போட்ட டேங்க் நிப்பிளும், அதாவது ஒரு முனையில் தலையும் உடலில் மரையும் உள்ள குட்டைக் குழாயும், நன்றாகவே நிற்கும். பலரும் தவறு செய்யும் இடம் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் என்பதில். தொட்டிக்கு உள்ளே, நிப்பிளின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். வெளியே மட்டும் போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஓட்டைக்குள் நுழைந்து, நிப்பிளின் மரை வழியாகவே சுற்றிச் சுற்றி வந்து நட்டுக்கு வெளியே சொட்டும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, ஏனென்றால் அந்த மரை தண்ணீரை அடைக்கச் செய்ததல்ல, இறுக்க மட்டுமே செய்தது. டெஃப்லான் டேப்பையும் இந்த மரையில் சுற்ற வேண்டாம். நிப்பிளின் வாயில் பைப்பையோ வால்வையோ முறுக்கும் மரையில் மட்டும் சுற்றுங்கள்.

வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டால் நட்டு வழுக்கிச் சுற்றும். நிப்பிளின் உடலை உள்ளே அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். நட்டை அசையாமல் வைத்து உடலைத் திருப்பினால், உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் பிதுங்கும். கையால் இறுகும்வரை இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அதுவும் உடனே தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தெரியும். சில நிப்பிள்களில் நட்டு இடதுமரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். பைப்பை முறுக்கும்போது நட்டு கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இறுகவே மாட்டேன் என்கிறதே என்று பலத்தைக் காட்டுவதற்கு முன் திசையைப் பாருங்கள்.

கை எட்டாத தொட்டியிலும் நிப்பிள் போட ஒரு தந்திரம் இருக்கிறது. ஓட்டை வழியாக ஒரு கெட்டிக் கயிற்றை உள்ளே விட்டு, மேல்வாய் வழியாகக் கொக்கியால் எடுத்து வெளியே இழுங்கள். அந்தக் கயிற்றில் நிப்பிளை, ரப்பர் வாஷர் மாட்டியபடி, மரைப்பக்கம் முன்னே பார்க்கக் கோர்த்து, பின்னால் ஒரு பெரிய முடிச்சு போடுங்கள். ஓட்டைப் பக்கமிருந்து கயிற்றை இழுத்தால் நிப்பிள் ஆடி ஆடி வந்து ஓட்டையில் தலையை நீட்டும். இழுத்த பிடியை விடாமல் கயிற்றின் மேலேயே நட்டைக் கோர்த்து முறுக்குங்கள். உடல் சுற்றாமல் இருக்க, நிப்பிளின் வாயில் ஒரு மரக்குச்சியை ஆப்பு மாதிரி அடித்து ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் வேண்டிய வேலை, பொறுமையும் வேண்டும். இதனால்தான் உங்களுக்கு நட்டில்லாத சீலைச் சொன்னேன்.

சீலன்ட் பூசலாமா என்று கேட்பீர்கள். பாலித்தீன் தொட்டியில் எதுவும் நம்பகமாக ஒட்டாது. சிலிக்கோன் காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும், பிவிசி பசை பாலித்தீனைக் கரைக்கவே கரைக்காது, பிசைந்து அப்பும் எப்பாக்சியும் சுவர் ஒரு தடவை உப்பினால் கழன்றுவிடும். இதைவிட மோசம், ரப்பருக்கு அடியில் பூசிய சீலன்ட் காய்வதற்குள் மசகு மாதிரி வேலை செய்து, இறுக்கும்போது வாஷரையே வெளியே பிதுக்கித் தள்ளிவிடும். ரப்பர் சரியாக நசுங்கினால் சீலன்ட் தேவையில்லை, நசுங்காவிட்டால் சீலன்ட்டால் பயனில்லை.

கான்கிரீட் தொட்டி வேறு ஜாதி. பிவிசியின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. எவ்வளவு பூசினாலும் பைப்பை ஒட்டியே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். புதிதாகக் கட்டும்போது, பைப்பின் மேல் பிவிசி பசை தடவி மணல் தூவிக் காயவைத்து, அந்தச் சொரசொரப்போடு கான்கிரீட்டில் புதைக்கலாம், அல்லது நடுவில் தட்டு வைத்த பைப்பைப் புதைக்கலாம். ஏற்கனவே கட்டிய சுவரில் கோர் கட்டரால் வட்டமாகத் துளைத்து, ரப்பர் துண்டுகளைச் சங்கிலி மாதிரி கோர்த்த சீலைப் பைப்பைச் சுற்றி மாட்டிப் போல்ட்டை முறுக்கினால், துண்டுகள் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். எல்லாப் போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து முறுக்க வேண்டும். இரும்புத் தொட்டியில் வெட்டிய ஓரம் துருப்பிடித்துச் செதிலாகும், சீல் மாட்டும் முன் அந்த ஓரத்துக்குப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் தொட்டியை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். சீலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் வந்ததும் நிறுத்தி, வெளியே துணியால் நன்றாகத் துடைத்து, சீலைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்கே முதலில் நனைகிறது என்பதில் பதில் இருக்கிறது. உதட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்தால் ஓட்டையில் கோளாறு: பெரிதாகிவிட்டது, பிசிறு இருக்கிறது, அல்லது மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பருக்கும் பைப்புக்கும் நடுவில் நனைந்தால் பைப்பில் கோளாறு: அளவு தவறு, கீறல், அல்லது உள்ளே உதடு சுருண்டிருக்கிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்தால் பைப்பை ஒரு கையால் தூக்கிப் பிடியுங்கள். கசிவு நின்றால் தாங்கல்தான் குறை, சீலை ஒன்றும் செய்ய வேண்டாம். நிப்பிளில் நட்டின் மரையில் சொட்டினால் உள்ளே இருக்கும் வாஷர் உட்காரவில்லை, வெளியே முறுக்கிப் பயனில்லை.

அந்தச் சாண் தண்ணீரில் தப்பித்தால் முழுக்க நிரப்பி, ஒரு நாள் கழித்து இன்னொரு முறை டிஷ்யூ தாள். நட்டு போட்டதாக இருந்தால் அப்போது ஒரு சின்ன இறுக்கு இறுக்கலாம், ரப்பர் ஒரு நாளில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். நட்டில்லாததில் இறுக்க ஒன்றுமில்லை, தொடாமல் விட்டுவிடுங்கள். கூடவே இன்னொரு சீல் வாங்கி, வெயில் படாத இடத்தில், மோட்டாருக்குப் பக்கத்தில் இல்லாமல், உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், மோட்டாரின் தீப்பொறி உண்டாக்கும் ஓசோன் சும்மா கிடக்கிற ரப்பரையும் வெடிக்க வைக்கும். ஒழுகத் தொடங்கும் நாளில் அதே அளவு கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டியிருக்காது.